காலி வண்டி ஏன் தூக்கிப் போடுகிறது?

திருமங்கலத்தில் புறப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டினாற்போலத் தெற்கே இறங்கி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து கொல்லத்தில் போய் முடிகிறதும், முன்பு 208 என்றும் இப்பொழுது 744 என்றும் எண்ணிடப்பட்டதுமான தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் காலை நேரத்தில் சற்று உட்கார்ந்திருப்பவருக்கு, அந்த இரண்டு ஊர்களின் ஜீவனம் முழுவதும் சின்னச் சரக்கு வண்டிகளின் முதுகில்தான் நடக்கிறது என்பது பிரத்தியட்சமாக விளங்கிவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவுக்காகச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து சேரும் பால் கேன்கள், மாம்பழக் காலத்தில் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடித் தோப்புகளிலிருந்து இறங்கும் சப்பட்டையும் பஞ்சவர்ணமும், வத்திராயிருப்புப் பக்கத்துத் தேங்காய், 1936-இல் ராஜபாளையம் மில் தோன்றிய பிறகு ஊரைச் சுற்றிலும் பெருகிய நூற்பாலைகளின் கோன் மூட்டைகள், சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி என்று ஒவ்வொரு வண்டியும் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு போகும். போன வண்டி திரும்பியும் வந்தாக வேண்டும் அல்லவா? திரும்பும்போது பெரும்பாலும் அதன் முதுகில் காலிக் கேன்களும் சுருட்டிய தார்ப்பாயும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

அந்தத் திரும்பு பிரயாணத்தைப் பற்றி ஓட்டுநர்களை விசாரித்தால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்லுவார்கள்: "லோடோட போனா பிளசர் கார் மாதிரி போகும் அண்ணாச்சி, எம்ப்டியாத் திரும்புனாத்தான் இடுப்பு எலும்பை எண்ணிக்கிடலாம்." கேட்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஒன்றரை டன் பாரத்தை ஏற்றிக்கொண்டு சாதுவாகப் போன வண்டி, அந்தப் பாரத்தை இறக்கிவிட்ட பிறகு ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? வண்டி கெட்டுப் போய்விட்டது என்று சிலர் பட்டறைக்கு ஓடுகிறார்கள். கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சிலர் நொந்துகொள்ளுகிறார்கள். காலி வண்டி கொஞ்சம் குலுக்குவது அதன் ஜாதக விசேஷம், அதை அடியோடு நீக்க முடியாது; ஆனால் நம் ஊர் வண்டிகளில் அநுபவிக்கப்படும் குலுக்கலில் பெரும்பகுதி பராமரிப்பில்லாமையால் வந்து சேர்ந்தது, அதை எளிதில் நீக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் வண்டியின் பிறவிக் குணத்தைப் பார்ப்போம். 2005-இல் டாட்டா ஏஸ் வந்ததும், முக்கால் டன் சுமக்கும் அந்தச் சிறு வண்டிக்கு நம்மவர்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டிக்கொண்டதும் அநேகருக்கு நினைவிருக்கும். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 1,300 கிலோ சுமப்பதும் 1,700 கிலோ சுமப்பதும் உண்டு. இவற்றின் பெயரும் முகமும் வேறு வேறு ஆனாலும் பின்பக்கத்து அடிவயிற்றைக் குனிந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான்: இரு சக்கரங்களையும் இணைக்கும் கனத்த அச்சு, அதன்மேல் இருபுறமும் வில்போல் வளைந்து அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட எஃகுப் பட்டைகள்.

இந்தப் பட்டைக் கட்டு நமக்குப் புதிதன்று. கட்டை வண்டியில் போனவர்கள் வில்வண்டி ஏறியபோது கண்ட சுகத்துக்குக் காரணம் இதே வில்தான். 1804-இல் லண்டனில் ஒபதையா எலியட் என்பவர், வண்டிக் கூண்டையும் அச்சையும் வில் பட்டைகளால் நேராக இணைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதன் பின்னர் குதிரை வண்டிகளில் பரவிய அந்த முறை மோட்டாருக்கும் வந்து, கார்களிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றுக்கொண்ட பிறகும் சரக்கு வண்டிகளை விட்டு இன்றளவும் போகவில்லை. போகாததற்குத் தக்க காரணம் உண்டு. பட்டை பாரத்தைத் தாங்குவதோடு, அச்சை அதன் ஸ்தானத்தில் நிறுத்திவைக்கும் வேலையையும் தானே செய்கிறது, விலை குறைவு, முறிந்தால் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். (ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் அசைந்து வரும் பெரிய தேருக்கு வில்லும் கிடையாது, பட்டையும் கிடையாது. மனிதன் நடக்கும் வேகத்தைத் தாண்டாத வாகனத்துக்கு அது தேவையும் இல்லை.)

பட்டையின் இயல்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணக்கு என்றதும் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், ஒரே ஒரு வர்க்கமூலம்தான். ஒரு வில்லின்மேல் பாரம் உட்காரும்போது வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வினாடிக்கு எத்தனை தடவை அந்த வண்டி மேலும் கீழும் ஆடும் என்பது கிடைத்துவிடும். முழுப் பாரத்தில் பின்பட்டை 16 சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 16-இன் வர்க்கமூலம் 4. ஆகவே வண்டி வினாடிக்கு 1¼ தடவை ஆடும். இது மனிதன் நிதானமாக நடக்கும்போது உடம்பு ஏறி இறங்கும் கதிக்கு அருகில் இருப்பதால் தேகத்துக்கு வெகு இசைவானது. நல்ல கார்களையும் இந்த அளவை ஒட்டியே அமைக்கிறார்கள். இப்பொழுது சரக்கை இறக்கிவிடுங்கள். சரக்கின் எடை பெரும்பாலும் பின் அச்சின்மேலேயே இருந்தது. அது போனபின் பட்டையின் மேலுள்ள கனம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகிவிடும். பட்டை அமுங்குவதும் 4 சென்டிமீட்டர்தான். 4-இன் வர்க்கமூலம் 2. ஆட்டமோ வினாடிக்கு 2½ தடவை, அதாவது முன்னதற்கு இரு மடங்கு. வில் மாறவில்லை, சாலை மாறவில்லை, ஓட்டுகிறவரும் மாறவில்லை. சுமை குறைந்த ஒரே காரணத்தால் தாலாட்டு உலுக்கலாக மாறிவிடுகிறது.

கதை இத்தோடு முடிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்துகொண்டுதான் வளைகின்றன. அந்த உராய்வை வெல்லும் அளவுக்கு மேலிருந்து பலம் வராவிட்டால் கட்டு முழுவதும் ஒரே இரும்புக் கட்டைபோல் அசையாமல் நின்றுவிடும். காலி வண்டி சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் போகும்போது நிகழ்வது இதுவே. துரு ஏறிய பட்டையானால் கேட்கவே வேண்டாம். அப்பொழுது வண்டிக்கு வில்லாக மிஞ்சுவது டயரில் உள்ள காற்று ஒன்றுதான். காலி வண்டியில் கெட்டியாகக் காற்றடித்த டயர் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் என்று கொண்டால், மேலே சொன்ன சூத்திரப்படி ஆட்டம் வினாடிக்கு 5 தடவை. உடம்பு நெடுக்காகக் குலுங்கும்போது அதை அதிகமாக வருத்துவது வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான அதிர்ச்சியே என்று, அதிர்வை அளப்பதற்கான 2631-ஆம் எண் சர்வதேசத் தரத்துக்கு அடிப்படையான ஆராய்ச்சிகள் கண்டன. வயிறும் முதுகெலும்பும் அந்தக் கதியில் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே இடுப்பு எலும்பைப் பற்றி ஓட்டுநர் சொன்னதில் அதிசயோக்தி அதிகம் இல்லை.

இதற்கு இன்னுமொரு அங்கம் உண்டு. பட்டைக்குக் கீழே தொங்குகிற அச்சு, கிரவுன், சக்கரங்கள் எல்லாம் சேர்ந்தால் கணிசமான கனம். மேலே ஒன்றரை டன் இருக்கும்போது இந்தக் கனம் துள்ளினாலும் மேலுள்ளதை அசைக்க மாட்டாது. மேலே வெறும் பாடி மட்டும் இருக்கும்போது கீழிருப்பது மேலிருப்பதை உதைத்துத் தள்ளுகிறது. சில சமயம் பின்சக்கரம் சாலையை விட்டுக் கணநேரம் எழும்பியும் விடுகிறது. எழும்பிய சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது, திருப்பத்தில் பிடிமானமும் இராது. மழை பெய்த தார்ச்சாலையில் காலி வண்டி பின்பக்கம் வீசிக்கொண்டு போவதைக் கண்டவர்களுக்கு, இது சௌகரியத்தைப் பற்றிய விஷயம் மாத்திரம் அன்று என்பது விளங்கும்.

இங்கே சத்திரப்பட்டி வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேண்டேஜும் மருத்துவக் காஸ் துணியும் பார்வைக்கு மலைபோல ஏற்றப்பட்டிருக்கும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஆனால் வண்டி தாங்கக்கூடிய எடையில் அது சிறு பங்குக்கு மேல் வராது. கண்ணுக்கு நிறைந்த அந்த வண்டி, பட்டையின் கணக்கில் ஏறக்குறைய காலி வண்டியே. ஆகையால் அந்தத் தடத்தில் ஓடும் ஓட்டுநருக்குப் போகும்போதும் குலுக்கல்தான், திரும்பும்போதும் குலுக்கல்தான். தேங்காய் ஏற்றுகிறவருக்குக் கிடைக்கும் ஒருவழிச் சுகம்கூட அவருக்கு வாய்ப்பதில்லை.

பரிகாரத்துக்கு வருவோம். நம்மவர்கள் முதலில் நாடுவது பட்டையில் கை வைப்பது. தேங்காய்க்காரர் அளவுக்கு மேல் பாரம் ஏற்றும் ஆசையில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்க்கிறார். குலுக்கல் பொறுக்காதவர் ஒரு பட்டையைக் கழற்றுகிறார். இரண்டையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஒரே கனமுள்ள ஐந்து பட்டைகளோடு ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 7 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர்ப் பட்டை போட்டால், விறைப்பு கனத்தின் முப்படியில் வளருவதால், அந்த ஒரு பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அப்படிப்பட்ட வண்டி காலியாகத் திரும்பும்போது ஓட்டுகிறவரின் கதி என்ன என்பதை முதலாளி யோசிப்பதில்லை. கழற்றுவதிலோ வேறு அபாயம். பல வண்டிகளில் பின்சக்கரப் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்கு இறங்கும். சேஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே அந்த வால்வு பாரத்தை அறிகிறது. பட்டை கழற்றியதால் சேஸ் தாழ்ந்துவிட்டால், காலி வண்டியையே பாரவண்டி என்று நம்பி அது பின்சக்கரத்துக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும்; சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். பட்டை சேர்த்துச் சேஸ் உயர்ந்தாலோ, நிஜமாகவே பாரம் இருக்கும்போது பின்பிரேக் மந்தமாகிவிடும். தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்லுவதும் வீம்புக்காக அன்று.

சரி, பட்டையின் எண்ணிக்கையை மாற்றாமல் என்ன செய்வது? ஸ்பிரிங் பட்டறை ஒன்றில் பழைய வண்டியின் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் விடை தானாகவே கிடைக்கும். யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, சென்டர் போல்ட்டை உருவி, பட்டைகளை வரிசையாகத் தரையில் பரப்புவார்கள். ஒவ்வொரு பட்டையின் நடுப்பகுதியிலும் செம்புழுதியும் துருவும் கலந்து அப்பியிருக்கும். இரு முனைகளிலோ, மேல்பட்டையோடு தேய்ந்து தேய்ந்து, கைவிரலை வைத்தால் தட்டுப்படும் பள்ளம் ஒன்று வழுவழுப்பாக விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் அடுத்த பட்டையின் முனை சிக்கிக்கொண்டு நகர மறுக்கிறது. கம்பிப் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, முனைகளை அரத்தால் சமப்படுத்தி, கிராஃபைட் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மறுபடியும் அடுக்கினால், வண்டிக்குப் பாதிப் பிராயம் குறைந்தாற்போல இருக்கும். பட்டைகளுக்கிடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு வைத்த வண்டியானால் கிரீஸ் கூடாது. தேய்ந்த தகட்டை மாற்றினால் போதும். இதற்குப் பதிலாக எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயைப் பட்டையின்மேல் ஊற்றும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. இரண்டு நாளைக்குச் சத்தம் அடங்கும். பிறகு புழுதியை இழுத்து அரைக்கும் மாவாகும். பக்கத்திலுள்ள ரப்பர் புஷ்ஷையும் அரித்துவிடும்.

பட்டையின் பின்முனையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளை அநேகர் திரும்பியும் பார்ப்பதில்லை. வளைந்த பட்டை அமுங்கும்போது நிமிர்ந்து நீளமாகிறது. நீளுவதற்கு இடம் கொடுப்பது அந்த ஷேக்கிள்தான். கிரீஸ் காணாமல் அதிலுள்ள 'பின்' ஆணி இறுகிப் போனால், கதவுக் கீல் துருப்பிடித்தது போலத்தான். பட்டை எவ்வளவு நல்லதானாலும் நீள முடியாமல் விறைத்து நிற்கும். கிரீஸ் அடிக்கிற நிப்பிள் உள்ள வண்டியில் அதற்குக் கிரமமாகக் கிரீஸ் அடித்து, பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே பிதுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் புஷ் உள்ள வண்டியிலோ, போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் கனம் பட்டையில் இறங்கிய பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் பிறந்த நாளிலிருந்தே முறுகிய நிலையில் இருந்து சீக்கிரம் கிழியும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். குலுக்குகிறது என்றதும் 'ஹெவி டியூட்டி' ஷாக் வாங்கி மாட்டிவிடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். முழுப் பாரத்தில் ஆட்டத்தை அடக்குவதற்குச் சரியாக இருக்கிற ஷாக், மேலுள்ள கனம் நாலில் ஒன்றாகும்போது தேவைக்கு இரு மடங்கு கெட்டியாகிவிடும். அதைவிடக் கெட்டியானதைப் போட்டால் காலி வண்டி இன்னும் மோசமாகத்தான் குத்தும். அதற்காகச் செத்த ஷாக்கை அப்படியே விட்டுவைப்பதும் தவறு. அப்பொழுது குத்தல் ஓய்ந்து துள்ளல் ஆரம்பிக்கும். மோசமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும். சில்லென்று இருப்பது சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறது. உடம்பில் எண்ணெய் வழிந்து புழுதி ஒட்டியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிட வேண்டியதுதான்.

செலவே இல்லாத பரிகாரம் காற்று. பாரம் ஏற்றும் நாளுக்காகப் பின்டயரில் அடித்த காற்றோடேயே காலியாகவும் ஓடுவது நம் ஊர்ப் பழக்கம். தயாரிப்பாளர்கள் சிலர் காலி வண்டிக்கு ஓர் அளவும் பார வண்டிக்கு ஓர் அளவும் கையேட்டிலோ கதவோரத் தகட்டிலோ அச்சிட்டிருக்கிறார்கள். இருந்தால் அதைப் பின்பற்றலாம், டயர் சூடேறுவதற்கு முன்பு அளந்து. ஆனால் ஓர் எச்சரிக்கை: குறைத்த காற்றோடு மறுநாள் முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் புறப்பட்டால் டயர் கொதித்து வெடிக்கும். காலையில் தேங்காய், மாலையில் காலி என்று தினமும் மாறி மாறி ஓடுகிறவர்கள் பார அளவையே வைத்துக்கொள்ளட்டும். பலநாள் தொடர்ந்து பேண்டேஜ் துணிபோல இலேசான சரக்கு ஓட்டுகிறவர்களுக்கே இந்த உபாயம் முழுதும் பயன்படும்.

மணல் மூட்டைகள் இரண்டு மூன்று போட்டுக்கொள்வதையும் பலர் செய்கிறார்கள். கணக்குப்படி அது நியாயமே. கனம் கூடினால் ஆட்டத்தின் கதி குறையும். மூட்டையைப் பாடியின் கடைக்கோடியில் எறியாமல் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, நகராதபடி கட்ட வேண்டும். டீசல் கொஞ்சம் கூடுதலாகும். வேகமும் கவனிக்கத் தக்கது. வினாடிக்கு 2½ தடவை ஆடும் காலி வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், நாலரை மீட்டருக்கு ஒன்றாக அலையலையாய் அமைந்த சாலை அந்த ஆட்டத்தோடு தாளம் சேர்ந்துகொள்ளும். 30-க்கு இறக்கினாலே தாளம் கலைந்துவிடும். அநுபவமுள்ள ஓட்டுநர்கள் கணக்குத் தெரியாமலே இதைச் செய்துவருகிறார்கள்.

பாரத்துக்குத் தக்கபடி தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் வில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, காற்றுப் பை. பாரம் ஏறினால் அழுத்தம் கூடி விறைக்கும், இறங்கினால் இளகும். ஆட்டத்தின் கதி எப்பொழுதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சென்னை பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் பஸ்களுக்கு இதைச் செய்து தருகின்றன. சிறு சரக்கு வண்டிக்கு இதன் விலையும் பராமரிப்பும் இன்னும் கட்டுப்படியாகவில்லை. நடுவே தடித்து முனையில் மெலிந்து, எண்ணிக்கையில் குறைந்த பாரபோலிக் பட்டைகளும், பாரம் ஏறிய பிறகே வந்து தாங்கும் ஹெல்பர் பட்டைகளும் நடுவழிச் சமாதானங்கள். புது வண்டி வாங்குகிறவர்கள் ஷோரூமில் ஏ.சி. உண்டா, பாட்டுப் பெட்டி உண்டா என்று கேட்பதோடு குனிந்து இவற்றையும் பார்த்து வாங்கினால் நல்லது.

காலியாகத் திரும்பும் வண்டியில் தோட்ட வேலைக்குப் போன ஆண்களையும் பெண்களையும் ஏற்றி வருகிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரக்கு வண்டியில் ஆளேற்றுவது சட்ட விரோதம். ஓட்டுநருக்காவது ஆசனமும் பிடித்துக்கொள்ளச் சக்கரமும் உண்டு. இத்தனை பக்கமும் நாம் பேசிய குலுக்கல் முழுவதும், தகரத் தரையில் உட்கார்ந்திருக்கும் அவர்கள்மேல், பின் அச்சுக்கு நேர்மேலே விழுகிறது. பள்ளத்தில் ஒருமுறை தூக்கிப் போட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வண்டி வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். முதுகு வலிக்கிறது என்று ஓட்டுநர் அடுத்த தடவை சொல்லும்போது, சத்திரப்பட்டியில் சரக்கை இறக்கிவிட்டு ஊர்வரைக்கும் வண்டியை நீங்களே ஓட்டிவாருங்கள். வந்ததும் பட்டறையில் விட்டு ஷேக்கிளையும் ஷாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்.சி.க்குப் போகும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வேலைகள் எல்லாம் சேர்ந்தாலும் அரைநாளில் முடிந்துவிடும்.